மழை பெய்தும் ராணி எறும்பு கிடைக்கவில்லையா, கிடைத்தது நிலைக்கவில்லையா

ஐப்பசியில் முதல் மழை கொட்டி ஓய்ந்த அன்று இரவே என் கைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணன், ரெண்டு மணித்தியாலம் தேடினன், ஒண்டுமே கிடைக்கல்ல." பத்து நாள் கழித்து அதே பிள்ளை, "பிடிச்சது செத்துப்போச்சு அண்ணன்" என்பான். கார்த்திகையில் இன்னொருவன், "நேத்து முட்டை இருந்திச்சு, இண்டைக்குக் காணல்ல."

ராணி எறும்பைப் பிடித்துச் சோதனைக்குழாயில் வைத்து, அது ஒரு குடும்பமாகும் வரை வளர்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு ஏழெட்டு மாரியாக இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருகிறேன். என் குழாய்களிலும் இதே கோளாறுகள்தான் வந்தன. ஆகவே அறிகுறி வாரியாக எழுதிவிட்டேன். உங்களுடைய சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேரே அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், சிரமமானது பிறகு. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், தாண்டிப் போகாதீர்கள். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே கோளாறு பிடிபட்டுவிடும்.

தேடப் போகுமுன் ஒன்று. கல்லோயா, லகுகல, குமண போன்ற தேசிய வனங்களுக்குள் எறும்பு உட்பட எதையும் எடுக்கக் கூடாது. பிடித்ததை நாட்டுக்கு வெளியே அனுப்பும் எண்ணமும் வேண்டாம். 2025 இல் கென்யாவில் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்ட இரண்டு பெல்ஜிய இளைஞர்களுக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது. எறும்புதானே என்று அங்கே யாரும் விடவில்லை. உங்கள் வளவு, உங்கள் ஒழுங்கை, தெரிந்தவர் தோட்டம், இவை போதும்.

## மழை பெய்தும் ஒன்றும் கிடைக்கவில்லை

### நாளும் நேரமும் சரியா?

புது ராணிகள் சிறகோடு கூட்டை விட்டுப் பறந்து இணை சேர்வது மழையை ஒட்டித்தான். ஆனால் எந்த மழைக்கும் ராணி வராது. கச்சான் காற்றில் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த மண்ணில் விழும் முதல் இரண்டு மூன்று நல்ல மழைதான் பெரிய வாய்ப்பு. பெரும்போக விதைப்புக்கு ஆட்கள் வயலில் இறங்கும் காலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் பின்னேர இடிமழை பெய்யும்போது இன்னொரு சின்ன வாய்ப்பு உண்டு. மாரி நன்றாகப் பிடித்து நாள் முழுக்க அடைமழை கொட்டும் நாட்களில் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை.

மழை பெய்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். மழை ஓய்ந்து, காற்று அடங்கி, புழுக்கமாக இருக்கும் மாலைதான் வேண்டும். சட்டை உடம்போடு ஒட்டுகிற மாதிரி இருந்தால் அது நல்ல நாள். இருட்டத் தொடங்குவதிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு சுற்று, மறுநாள் விடிந்ததும் ஒரு சுற்று. விடியல் சுற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில் இறங்கி மறைவிடம் கிடைக்காத ராணிகள் காலையில் மதில் ஓரமாக நடந்து திரியும்.

### பார்க்கும் இடம் சரியா?

எல்லோரும் விளக்கை அண்ணாந்து பார்க்கிறார்கள். நிலத்தைப் பாருங்கள். பறந்து முடித்து, சிறகை உதிர்த்து, மண்ணில் நடக்கிற ராணிதான் உங்களுக்கு வேண்டியது. மதில் அடி, விறாந்தைப் படிக்கட்டு, கிணற்றுக் கட்டு, கல் அடுக்கியிருக்கும் மூலை, இவைதான் இடங்கள்.

எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்தில், கரையோரக் காற்று அடங்காத நாட்களில் சும்மா அலைய வேண்டாம். டவுன் பக்கம் விளக்குகள் அதிகம் என்பதால் வருகிறவை சிதறிப் போகும். சுற்றிலும் இருட்டாக, மரங்களுக்கு நடுவே ஒற்றை வெள்ளை பல்ப் எரிகிற வீடு கிடைத்தால் அதன் கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்து வைத்துவிட்டு இருங்கள். நான் முதன்முதலில் ஒரே இரவில் ஐந்து ராணி கண்டது பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால், உறவினர் வீட்டு முற்றத்தில், அப்படி ஒரு பல்ப்பின் கீழேதான்.

மூன்று மாலை முயன்றும் இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் காட்டோரம் இருட்டில் தனியே போகவே வேண்டாம். மழை தொடங்கும் காலத்தில் யானை எந்தப் பக்கம் நிற்கும் என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அவர்கள் "இண்டைக்கு வேணாம்" என்றால் அதோடு திரும்பிவிடுங்கள். பாம்புக்காக முழுச் சப்பாத்தும் நல்ல டோர்ச்சும் கட்டாயம்.

### ஈசல்தான் வருகிறது

அது நல்ல அறிகுறி. ஈசலுக்குப் பிடித்த காலநிலையே பல எறும்புகளுக்கும் பிடிக்கும். ஈசலுக்கு நடுவே கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். ஈசல் கறையான், எறும்பு அல்ல. அதற்கு இடுப்பு கிடையாது, உடம்பு ஒரே தடிப்பாக இருக்கும். நான்கு சிறகும் ஒரே அளவு. உணர்கொம்பு மணி கோத்த மாதிரி நேராக நிற்கும். எறும்புக்கு இடுப்பு நூல் மாதிரி, முன்சிறகு பெரியது, உணர்கொம்பு முழங்கை மடங்கியது போல வளைந்திருக்கும்.

### கூட்டை உடைத்தேன், அதிலும் ராணி இல்லை

மாமரத்தில் முசுறு எறும்பு இலை தைத்துக் கட்டிய கூடு ஒன்றை வெட்டி இறக்கிவிட்டு, உடம்பெல்லாம் கடி வாங்கிக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு முசுறுக் குடும்பம் பல மரங்களில் பல கூடுகள் கட்டும். ராணி பெரும்பாலும் ஒன்றுதான், அது எந்தக் கூட்டில் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. மற்றக் கூடுகளில் வேலைக்கார எறும்பும் குடம்பி என்ற புழுப் பருவமும்தான் இருக்கும். வெட்டாதீர்கள். மாமரத்திலும் மரமுந்திரிகையிலும் பூச்சியைப் பிடித்துத் தின்று மரத்தைக் காப்பதும் அதே முசுறுதான்.

நிலத்தில் தனித்தனியே திரியும், ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள, உடம்பில் கோடு கோடாய் வரி தெரிகிற கறுப்பு எறும்பின் புற்றைத் தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது டயகாமா. டயகாமாவில் ராணி என்ற தனி உருவமே கிடையாது. வேலைக்கார எறும்புகளில் ஒன்றே இணை சேர்ந்து முட்டை இடும், பார்வைக்கு மற்றவை போலவேதான் இருக்கும். எத்தனை வருசம் தோண்டினாலும் டயகாமா ராணி கிடைக்காது.

## பிடித்தது ராணிதானா என்று தெரியவில்லை

இதில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிடித்ததை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் விட்டு, ஐந்து நிமிடம் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையும் மேல்தட்டில் வைக்கவே கூடாது. வெளியே எடுத்தால் கொஞ்ச நேரம் மெதுவாக அசையும். கைவில்லையால், அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடியால், பார்க்க அந்த நேரம் போதும்.

முதலில் மார்பைப் பாருங்கள். தலையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். வேலைக்கார எறும்பின் மார்பு மெலிந்து, தலைக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பாலம் மாதிரி இருக்கும். ராணியின் மார்பு பொதி சுமந்த மாதிரி மேலே புடைத்து நிற்கும், தகடு தகடாகப் பிரிந்து தெரியும். பறப்பதற்கான தசை முழுக்க அங்கேதான். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி போத்தலைத் திருப்பினால், மார்பின் தோளில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சின்னத் தழும்புகள் தெரியும். சிறகு ஒடிந்த இடம் அது. ஒடிந்த விளிம்பு கொஞ்சம் துருத்தி, மங்கல் மஞ்சளாக, முறித்த நகத்தின் அடி போல இருக்கும். இந்தத் தழும்பை ஒரு தடவை கண்டுவிட்டால் பிறகு வில்லை இல்லாமலே ராணியை அடையாளம் காண்பீர்கள். உச்சந்தலையில் மூன்று புள்ளிக் கண்களும் இருக்கும்.

### தலை பெரிது, மார்பில் தழும்பு இல்லை

அது படைவீரன் எறும்பு. பெரிய கட்டெறும்புகளிலும், ஃபைடோலே என்ற சிற்றெறும்பிலும் தலை வீங்கிய வேலைக்கார எறும்பு உண்டு. எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

### சிறகு இருக்கிறது, தலை சின்னது, கண் பெரிது

ஆண். வயிறு ஒடுங்கி, தாடை மெலிந்து, உணர்கொம்பு கிட்டத்தட்ட நேராக இருக்கும். ஆண் சிறகை உதிர்க்காது, சில நாட்களில் செத்துவிடும்.

விளக்குக்கு வந்து தடார் தடாரென்று மோதுகிற, இரண்டு சென்ரிமீற்றருக்கும் மேலான, மயிர் படர்ந்த பழுப்பு நிறப் பூச்சியைக் கொண்டுவந்து "பெரிய ராணி" என்று காட்டுகிறார்கள். அதுவும் ஆண்தான். நிலத்துக்கடியில் வாழும் டோரிலஸ் என்ற எறும்பின் ஆண்.

### சிறகு இல்லை, உடம்பெல்லாம் பட்டு மயிர், சிவப்பும் கறுப்புமாய் மணலில் ஓடுகிறது

கையால் தொடாதீர்கள். அது எறும்பே அல்ல, சிறகில்லாத பெண் குளவி ஒன்று. கொட்டினால் கடுமையாக வலிக்கும்.

### முசுறு மாதிரி இருக்கிறது, ஆனால் நூலில் தொங்குகிறது

காலை எண்ணுங்கள். எட்டு இருக்கும். முசுறு போல வேடம் போடும் சிலந்தி. முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். எங்கள் மாமரத்திலேயே இருக்கிறது, நானும் ஒரு நாள் முழுக்க ஏமாந்திருக்கிறேன்.

### ராணிதான், பெயர் தெரியவில்லை

போத்தலின் கீழே அடிமட்டத்தை வைத்து நீளத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதுங்கள். அப்புறம் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இடுப்பில் எத்தனை முடிச்சு (புடைப்பு) என்று பாருங்கள். எதுவாக இருக்கலாம் என்ற பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு முடிச்சு என்றால்: 12 மில்லிமீற்றருக்கு மேல், கறுப்பு அல்லது செம்பழுப்பு, வழவழப்பான வளைந்த மார்பு, பெரும்பாலும் காம்போனோட்டஸ் வகைக் கட்டெறும்பு. வயிற்றில் பொன் நிறப் பட்டு மயிர் மின்னினால் காம்போனோட்டஸ் செரிசியஸ் ஆக இருக்கலாம். பச்சை கலந்த பழுப்பில், கொழுத்த வயிற்றோடு இருந்தால் முசுறு ராணி, அதாவது ஈகோபில்லா ஸ்மரக்டினா. முதல் தடவை காண்கிறவர்கள் இது முசுறு என்று நம்பமாட்டார்கள், வேலைக்கார முசுறு செம்மஞ்சள் நிறம் அல்லவா. மார்பிலோ இடுப்பிலோ முள் நீட்டிக்கொண்டிருந்தால் பொலிராக்கிஸ். நீண்ட தாடையை இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு நடந்தால் ஒடொன்டோமேக்கஸ், பொறித்தாடை எறும்பு.

இரண்டு முடிச்சு என்றால்: செம்பழுப்பு, 8 மில்லிமீற்றர் அளவு, முற்றத்தில் நெருப்பெறும்புப் புற்று இருக்கிறது என்றால் சோலெனோப்சிஸ் ஜெமினாட்டா. அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து நம் மண்ணில் பரவிய எறும்பு இது. தப்பினால் இன்னும் பரவும் என்பதால் புதியவர்கள் வளர்ப்பதை நான் விரும்புவதில்லை. வயிறு இதய வடிவில், மிரண்டால் முதுகுக்கு மேல் தூக்கினால் கிரெமாட்டோகாஸ்டர். ஒல்லியாக நீண்டு, தலையும் வயிறும் கறுப்பு, மார்பு செம்மஞ்சள், மரத்தண்டில் நடக்கிறது என்றால் டெட்ராபொனெரா ரூஃபோநைக்ரா. இதற்குக் கொட்டும் முள் உண்டு, கீழே கடி பற்றிய பகுதியை வாசியுங்கள்.

இதற்கு மேல் இனப் பெயர் வேண்டுமென்றால் வில்லை போதாது, நுணுக்குக்காட்டி வேண்டும். இலங்கையில் இருநூறுக்கும் மேற்பட்ட எறும்பினங்கள் பதிவாகியுள்ளன, படத்தைப் பார்த்து ஒருவர் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என மூன்று தெளிவான படம், அளவு, திகதி, நேரம், இடம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ, சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ விலங்கியல் படிப்பிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். திகதியும் இடமும் இல்லாத படத்தால் யாருக்கும் பயனில்லை.

## கடித்துவிட்டது

முசுறு கடித்து அந்த இடத்தில் அமிலம் பீய்ச்சும். சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, எரிவு நிற்காவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். நெருப்பெறும்பு, டெட்ராபொனெரா, ஒடொன்டோமேக்கஸ் மூன்றும் கொட்டும். அந்த இடம் மட்டும் வீங்கி வலித்தால் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள்.

உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சு இழுப்பு, தலைச்சுற்று, இதில் ஒன்று வந்தாலும் வீட்டு மருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், அல்லது கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முன்பு ஒரு தடவை இப்படி வந்தவர் இந்தப் பொழுதுபோக்கைத் தொடர்வதற்கு முன் வைத்தியரிடம் பேச வேண்டும்.

## முட்டை இடவில்லை

குழாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கோளாறில் பாதி அங்கேதான். 15 சென்ரிமீற்றர் நீளச் சோதனைக்குழாய். மூன்றில் ஒரு பங்கு கொதித்து ஆறிய தண்ணீர், அதற்கு மேல் இறுக்கமாய் ஒரு பஞ்சு, நடுவே ராணிக்கு இடம், வாயில் இன்னொரு பஞ்சு. ஒரு குழாயில் ஒரே ராணி.

### என்ன பஞ்சு போட்டீர்கள்?

இதை முதலில் கேட்பேன், ஏனென்றால் வீட்டில் தலையணைக்குப் பஞ்சு இருக்கும்போது யாரும் கடைக்குப் போவதில்லை. இலவம் பஞ்சு தண்ணீரை ஏற்காது, அதன் நாரில் மெழுகு உண்டு. தண்ணீர் ஒரு பக்கம் நிற்க, ராணி மறுபக்கம் தாகத்தில் கிடக்கும். விரல் நுனியால் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டவில்லை என்றால் இதுதான் காரணம். பாமசியில் விற்கும் மருத்துவப் பஞ்சை வாங்கி மாற்றுங்கள். வாய்ப் பக்கத்துக்கு எந்தப் பஞ்சும் சரி.

### எத்தனை தரம் பார்க்கிறீர்கள்?

நாளுக்கு மூன்று தரம் பார்க்கிற ராணி முட்டை இடாது. குழாயைச் சீலையில் சுற்றி, அலுமாரியின் கீழ் லாச்சியில் வைத்துவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுங்கள். தண்ணீர் மோட்டார், ஸ்பீக்கர், தையல் மெசின் அதிரும் இடம் வேண்டாம்.

### இரை தேட வேண்டிய இனமா?

கட்டெறும்பும் முசுறும் தம் மார்புத் தசையைக் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்க்கும், உணவு வேண்டாம். பொறித்தாடை எறும்பின் ராணி அப்படியல்ல, அது வெளியே போய் இரை தேடும். மூடி வைத்தால் பட்டினிதான். மார்பு அவ்வளவு புடைக்காமல் வேலைக்கார எறும்பைவிடக் கொஞ்சமே பெரிதாக இருந்தால் இந்த வகையாக இருக்கலாம். மூன்று நாளைக்கு ஒரு தரம் நசுக்கிய கறையான் ஒன்று, குண்டூசித் தலையளவு தேன் கலந்த தண்ணீர், இரண்டும் போதும். மிஞ்சியதை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

### இணை சேராததா?

எல்லாம் சரியாக இருந்தும் நான்கு வாரம் முட்டை இல்லை, சிறகும் உதிரவில்லை, ஓயாமல் பஞ்சைக் கடித்துக்கொண்டே இருக்கிறது என்றால் இணை சேராமல் பிடிபட்டதாக இருக்கலாம். சிறகு இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிறகோடே முட்டை இட்டுக் குடும்பம் கட்டிய ராணிகளும் உண்டு. அதேபோல் சிறகு உதிர்ந்ததெல்லாம் இணை சேர்ந்ததும் அல்ல. இணை சேராததன் முட்டையிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். இதற்கு வைத்தியம் இல்லை, பிடித்த இடத்தில் கொண்டுபோய் விடுங்கள். விளக்கடியில் சிறகோடு பறந்து திரிகிறதைப் பிடிக்காமல், சிறகு உதிர்த்து நடப்பதையே பிடித்தால் இந்தச் சிக்கல் மிகவும் குறையும்.

## முட்டை இருந்தது, இப்போது இல்லை

ராணிதான் தின்றது. பதற்றம், தாகம், கெட்டுப்போன முட்டை, இந்த வரிசையில் பாருங்கள்.

முட்டைக் குவியலைத் தேடும்போதும் கவனம் வேண்டும். றவைக் குறுணியை ஈரத்தில் ஒட்டி வைத்த மாதிரி, பஞ்சின் அருகே ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. வெளிச்சம் பட்டதும் ராணி அதை வாயில் தூக்கிக்கொண்டு இருட்டான பக்கம் ஓடும். அந்த நேரம் பார்த்தால் முட்டை இல்லாதது போலவே தெரியும். தாடைக்குக் கீழே பாருங்கள். "காணல்ல" என்று என்னிடம் கொண்டுவந்த குழாய்களில் சிலவற்றில் முட்டை ராணியின் வாயிலேயே இருந்தது. அப்படித் தூக்க வைப்பதுதான் பிறகு தின்ன வைக்கிறது. சிவப்புக் கண்ணாடித்தாளைக் குழாயில் சுற்றி வைத்தால் எறும்புக்கு அந்த வெளிச்சம் அதிகம் தெரியாது, நீங்கள் பார்க்கலாம்.

ஒரு தடவை தின்றால் கை வைக்க வேண்டாம், திரும்ப இடும். மூன்று தடவை தொடர்ந்து தின்று, தண்ணீரும் இருட்டும் சரியாக இருந்தால், மேலே சொன்ன இணை சேராத சங்கதிதான்.

## குழாய்க்குள் வெள்ளம், வியர்வை, பூஞ்சை

வெள்ளம் வந்தால் பஞ்சு தளர்வு, அல்லது குழாய் சாய்ந்து கிடக்கிறது. குழாயை மட்டமாக வையுங்கள். கண்ணாடியில் வியர்த்தால் ஒரு பக்கம் மட்டும் சூடு ஏறுகிறது, இடத்தை மாற்றுங்கள்.

தண்ணீர்ப் பக்கப் பஞ்சில் மஞ்சள் அல்லது கறுப்புப் புள்ளி விழுந்தால் பயப்பட வேண்டாம், முட்டைக்குக் கிட்ட வராத வரை விட்டுவிடுங்கள். கிட்ட வந்துவிட்டால் புதுக் குழாய் ஒன்றை வாய்க்கு வாய் வைத்து ஒட்டி, பழையதை வெளிச்சத்திலும் புதியதை இருட்டிலும் வையுங்கள். ராணி தானாகவே முட்டையைத் தூக்கிக்கொண்டு மாறும், இரண்டு மூன்று நாள் ஆகலாம். தட்டிக் கொட்டாதீர்கள்.

## ராணி திடீரென்று செத்துவிட்டது

### நுளம்புச் சுருள் கொளுத்தினீர்களா?

நம் பக்கத்தில் முதல் சந்தேகம் இதுதான். ராணி பிடிக்கும் காலமும் டெங்குக் காலமும் ஒன்றே. சுருளிலும் ஸ்பிரேயிலும் இருப்பது பூச்சிகொல்லி, எறும்புக்கும் அது நஞ்சு. என் படுக்கையறை லாச்சியில் வைத்திருந்த மூன்று கட்டெறும்பு ராணிகளை ஒரே இரவில் இழந்தேன். காலையில் மூன்றும் கால் மடங்கி, முட்டைக்குப் பக்கத்தில் கிடந்தன. வேறு எதுவும் மாறவில்லை, முதல் நாள் இரவு சுருள் வைத்தது மட்டும்தான். அதிலிருந்து அந்த அறையில் நுளம்பு வலைதான். ஒழுங்கையில் டெங்குப் புகை அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் குழாய்களை மூடிய பெட்டியில் போட்டு அன்று முழுக்க வேறு வீட்டில் வையுங்கள். நுளம்பை ஒழிப்பதுதான் முதல் வேலை, அதற்குக் குறுக்கே நிற்க வேண்டாம்.

### சூடு

தகரக் கூரையின் கீழ் மேல்தட்டில் வைத்த குழாய் பகலில் வெந்துவிடும். சீமெந்துத் தரைக்குக் கிட்ட, சுவரோரமாக வையுங்கள்.

### வேறு எறும்பு புகுந்ததா?

தலை மட்டும் கறுத்து உடம்பு வெளிறிய, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றெறும்பு பஞ்சு இடுக்கால் நுழைந்து முட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். குசினி அலுமாரிக் கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைத்தார்களே, அதையே செய்யுங்கள். குழாய்கள் இருக்கும் தட்டை ஒரு கல்லின் மேல் வைத்து, கல்லைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வையுங்கள். தண்ணீரில் சவர்க்காரம் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு முட்டை இடும்.

## முதல் வேலைக்கார எறும்புகள் வந்து, ஒவ்வொன்றாகச் சாகின்றன

நம் வெக்கைக்குக் கட்டெறும்பில் முட்டையிலிருந்து முதல் வேலைக்கார எறும்பு வர ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகும். முதலில் வருபவை சின்னதாக, வெளிறி, பயந்த மாதிரி இருக்கும். அது நோய் அல்ல.

சாவு தொடங்கினால் பட்டினியைப் பாருங்கள். ஒரு பங்கு சீனிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஒரு பிளாஸ்டிக் துண்டில் சொட்டு. அதோடு கையால் அடித்த நுளம்பு ஒன்று. வயலில் பிடித்த தத்துவெட்டி வேண்டாம், மருந்து அடித்த வயலா என்று உங்களுக்குத் தெரியாது. அதிகமாகப் போட்டதும் சாவுக்குக் காரணமாகலாம், அழுகிய துண்டை அன்றே எடுங்கள்.

அடுத்த காரணம் அவசரம். நான்கு எறும்பு வந்ததும் பெரிய பெட்டிக்கு மாற்றினால் அவை சிதறி, வறண்டு சாகும். இருபது முப்பது சேரும் வரை குழாயே வீடு. முசுறு என்றால் குழாய்க்குள் ஒரு பச்சை மாவிலைத் துண்டை மடித்து வைத்து, வாடும்போது மாற்றுங்கள். பட்டு நூல் விடக் குடம்பி வளரும் வரை அவற்றால் இலை தைக்க முடியாது. குழாயைத் திறக்கும்போது வாய்ப் பஞ்சை மெதுவாகத் திருகி எடுங்கள், இழுக்காதீர்கள். எப்போதும் ஒன்றிரண்டு அதில் தொற்றிக்கொண்டிருக்கும்.